தாய்க்கழியின் சிவப்பு

நல்லெண்ணெயில் ஊறிய நூல் உச்சி வெயிலில் காயும்போது ஒரு வாடை வரும். ஆட்டுப்புழுக்கையும் உமரிச் செடியை எரித்த சாம்பலும் கரைத்த நீரில் நாள்கணக்காகப் புரட்டி, காலால் மிதித்து, மறுபடி எண்ணெயில் போட்டு எடுத்த நூல் அது. பாதி செக்கு, பாதி ஆட்டுக்கிடை என்று சொல்லும்படியான அந்த வாடை எங்கள் சோற்றில் இருக்கும், தலைமுடியில் இருக்கும், பெட்டியில் மடித்து வைத்த பட்டுப்பாவாடையில்கூட இருக்கும். மிஷன் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காரும் பிள்ளை, "சாயக்காரி வந்துட்டா, தள்ளி இரிங்கட்டி" என்பாள். நான் அவள் சடையைப் பிடித்து இழுப்பேன். இரண்டு பேரும் அடி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவோம்.

சேரன்மகாதேவியில் ஆற்றை ஒட்டி எங்கள் வீடு. முதல் ஜெர்மன் சண்டைக்கு முந்திய காலம். வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சிப் பக்கத்து நெசவுக்காரர்கள் வெள்ளை நூலைக் கொண்டுவந்து போட்டுவிட்டுச் சிவப்பு நூலாக எடுத்துப் போவார்கள். எங்கள் வீட்டில் சிவப்பைத் தவிர வேறு சாயம் கிடையாது. திசையன்விளைப் பக்கத்துச் செம்மணலில் தோண்டியெடுத்த சாயவேர் வண்டியில் வந்து இறங்கும். பார்த்தால் காய்ந்த புல்வேர்தான். அதை இடித்துப் பொடியாக்கி, படிகாரம் ஏறிய நூலோடு தொட்டியில் ஊறவைத்துக் கொதிக்கவிட்டால்தான் அதற்குள் என்ன இருக்கிறது என்று தெரியும்.

சிவப்பு என்பது ஒரே நிறம் என்று நினைப்பவர்கள் பாக்கியசாலிகள். ஆடியில் ஆறு கலங்கி வரும்போது போட்ட சாயம் ஒரு மாதிரி இருக்கும், பங்குனித் தெளிவில் போட்டது வேறு மாதிரி இருக்கும். இளவேர் ஒரு நிறம் கொடுக்கும், முற்றிய வேர் இன்னொரு நிறம் கொடுக்கும், காய்கிற அன்று மேகம் மூடினால் எல்லாக் கணக்கும் தப்பும். இட்லிக்குச் சொல்வதுபோலவே ஒரு தடவை தொட்டியில் போட்டு எடுக்கும் நூலை "ஒரு ஈடு" என்பார்கள். முதல் ஈட்டு நூலை வைத்து நெய்யத் தொடங்கியவன், பாதிச் சேலையில் நூல் தீர்ந்து அடுத்த ஈட்டு நூலை வாங்கிச் சேர்த்தான் என்றால், இரண்டு ஈட்டுக்கும் அரைக்கால் நிறம் வித்தியாசம் இருந்தால்கூடப் போதும், சேலையின் குறுக்கே ஒரு கோடு தெரியும். "கோடு விழுந்துட்டு" என்று நெசவுக்காரர் யாராவது வந்து வாசலில் நின்றால் அப்பாவின் முகம் செத்துப்போகும். இழவுச் செய்தி வந்த நாள்களில்கூட அவர் முகம் அப்படிப் போய் நான் பார்த்ததில்லை.

அதற்காகத்தான் எங்கள் வீட்டில் "தாய்க்கழி" இருந்தது. எங்கள் தாத்தா தம் கையால் சாயம் போட்ட ஒரே ஒரு கழி, ஒரு கற்றை நூல், அது. வசம்பும் கிராம்பும் போட்ட மரப்பெட்டியில் வைத்து, நெல் குதிருக்குப் பக்கத்தில் அம்மா பாதுகாத்து வந்தாள். அதன் நடுவில் தாத்தா இறுக்கிப் போட்ட கட்டை யாரும் அவிழ்க்கக் கூடாது. ஒவ்வொரு ஈடும் காய்ந்ததும் அப்பா புதுக்கழியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்து, "ஏட்டி, தாயைக் கொண்டா" என்பார். நான் பெட்டியோடு ஓடுவேன். விளக்கு வெளிச்சத்தை அவர் நம்பமாட்டார், வீட்டு நிழலையும் நம்பமாட்டார். உச்சி வெயிலில் இரண்டையும் ஒன்றாகப் பிடித்துப் பார்த்து, புதுசு வெளிறித் தெரிந்தால், "இன்னொரு முழுக்குப் போடணும்" என்று திருப்பித் தொட்டிக்கு அனுப்புவார். இரண்டும் ஒன்றாகும்வரை விடமாட்டார். "நம்ம சிவப்பு வெளுக்கவும் வெளுக்காது, மாறவும் மாறாது" என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததற்கு இந்தப் பெட்டிதான் தைரியம்.

தைப்பொங்கல் கழிந்து வருஷத்தின் முதல் ஈடு போடுகிற நாள் எங்களுக்குத் திருநாள். தொட்டிக்கு மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, தேங்காய் உடைப்பார்கள். அம்மா குளித்து ஈரத் தலையோடு தாய்க்கழியைத் தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவருவாள். குங்குமம் வைத்துக் கும்பிட்டு, சூடான சாயத்தில் அதைத்தான் முதலில் முக்கி எடுப்பார்கள். தாய் இறங்கி ஏறிய பிறகுதான் மற்ற நூல் இறங்கும். பிறகு அதை நிழலில் காயவைத்துப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். பிள்ளைகளுக்குப் பச்சரிசியும் வெல்லமும் கிடைக்கும். தாத்தா காலத்தில் தொடங்கிய வழக்கமா, அப்பா தொடங்கியதா என்று எனக்குத் தெரியாது. சாமிக்கு எண்ணெய்க்காப்பு நடக்கும்போது கல் எண்ணெயைக் குடிக்கிறதா என்று யாராவது கேட்பார்களா? நாங்களும் கேட்கவில்லை.

என் சித்தப்பா சங்கரலிங்கம் அப்பாவுக்கு ஒரே தம்பி. கல்யாணமாகாதவர். வேர் வாங்க வண்டி கட்டிக்கொண்டு திசையன்விளைக்குப் போவது அவர் வேலை. போகும்போது பாட்டு, வரும்போது பனங்கருப்பட்டி. என்னைக் "குட்டிக்கழி" என்றுதான் கூப்பிடுவார். தாத்தா உயிரோடு இருந்தபோது சாயம் போட்ட ஒரு சிவப்புத் துண்டு எந்நேரமும் அவர் தலையில் இருக்கும். குளிக்கும்போது அதையே துவைத்து, அதையே உதறி, மறுபடி தலையில் கட்டிக்கொள்வார். "ஏலே, வேற துண்டே இல்லையா உனக்கு?" என்று அப்பா கேட்டால், "இது அப்பா போட்ட சாயம், நீ போட்டதில்லல்லா" என்று சிரிப்பார். அப்பாவும் அப்போதெல்லாம் சிரிப்பார்.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது அந்தச் சிரிப்பு நின்றது. வருஷத்துக்கு வருஷம் ஒவ்வொரு ஈட்டுக்கும் முழுக்குக் கூடிக்கொண்டே வந்தது. தாய்க்கழியின் நிறத்துக்கு நூலைக் கொண்டுவர முன்பைவிட வேர் அதிகம் தேவைப்பட்டது, விறகு அதிகம் எரிந்தது. அப்பா எரிந்து விழ ஆரம்பித்தார். ஒருநாள் முற்றத்தில் நெசவுக்காரர்கள் நூலுக்குக் காத்து உட்கார்ந்திருக்கும்போது சித்தப்பா தலையிலிருந்த துண்டை அவிழ்த்துக் காய்ந்த கழியின்மேல் போட்டார்.

"அண்ணே, முன்னெல்லாம் இத்தனை முழுக்குப் போட்டதில்ல. நம்ம நிறம் கருத்துக்கிட்டே போகுது. இந்தா பாரு."

"உன் துண்டு வேர்வையில வெளுத்திருக்குலே."

"நம்ம சாயம் வெளுக்காதுன்னு நீதானே சொல்லுத?"

நெசவுக்காரர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். சிரிக்காமல் இருந்திருந்தால் அன்றைய பொழுது எப்படியும் கழிந்திருக்கும். அப்பா என்னைப் பார்த்து, "தாயைக் கொண்டா" என்று கத்தினார். கொண்டுவந்தேன். தாய்க்கழியையும் புதுக்கழியையும் வெயிலில் பிடித்து எல்லாருக்கும் காட்டினார். இரண்டும் அச்சாக ஒன்றாக இருந்தன.

"இதைவிட என்னலே சாட்சி வேணும் உனக்கு?"

"அப்ப எதுக்கு முழுக்குக் கூடுது?"

"வேரு சரியில்ல. வேரு கொண்டாறது யாரு? நீ." அப்பாவின் குரல் தாழ்ந்துவிட்டது. அவர் குரல் தாழ்ந்தால் எங்களுக்குப் பயம். "சாரம் செத்த பழைய வேரைக் கலந்து கொண்டாந்து போட்டுட்டு, அதை மறைக்க நிறத்து மேல பழியைப் போடுத."

சித்தப்பா துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். "அண்ணே, நான் கலந்தேன்னா சொல்லுத?"

"நான் சொல்லல்ல. தாய் சொல்லுது."

சித்தப்பா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் விடிந்ததும் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அம்மா வாசல்வரை போய், "தம்பி, அவுக கோவம் ரெண்டு நாளைக்குத்தான், பைய சரியாப் போயிரும், எங்கயும் போவாதிய" என்று கெஞ்சினாள். அப்பா முற்றத்தில் நூல் பிழிந்துகொண்டிருந்தார், நிமிர்ந்தே பார்க்கவில்லை. தூத்துக்குடிக்குப் போய்க் கொழும்புக்குக் கப்பல் ஏறிவிட்டதாகப் பிறகு தெரிந்தது. வேறொருவர் வேர் கொண்டுவந்தார். முழுக்கு மட்டும் குறையவில்லை. அதைப் பார்த்தாவது அப்பாவுக்கு உறைத்திருக்க வேண்டாமா என்று எனக்கு இன்றுவரை ஆத்திரம்தான். உறைக்கவில்லை. "இப்ப எல்லாப் பயலும் பழைய வேரைத்தான் விக்குதான்" என்று உலகத்தையே திருடனாக்கிவிட்டார்.

சில வருஷம் கழித்துக் கடற்கரையிலிருந்து கஸ்பார் என்றொரு தோணிக்காரர் வந்தார். அவர்கள் ஊர் மாதா கோவில் திருவிழாச் சப்பரத்துக்கு நான்கு பக்கமும் தொங்கவிடும் சிவப்புத் திரை எங்கள் வீட்டு நூலில், தாத்தாவின் கடைசிக் காலத்தில், நெய்து வாங்கியதாம். ஒரு பக்கத்துத் திரையை எலி கடித்துவிட்டது. அதே சிவப்பில் ஒரு திரை வேண்டும் என்றார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. கடல்காற்றிலும் வெயிலிலும் கிடந்த திரையை இத்தனை காலம் கழித்தும் தேடி வந்திருக்கிறார்களே! "பழசைக் கொண்டாரவே வேண்டாம் அண்ணாச்சி. எங்ககிட்டத் தாய் இருக்கு. அது சொல்லுத நிறம்தான் உங்க திரையில இருக்கும்" என்று சொல்லி, எந்த ஈட்டுக்கும் இல்லாத கவனத்தோடு அந்த நூலுக்குச் சாயம் போட்டு, வீரவநல்லூரில் நெய்யக் கொடுத்து அனுப்பிவைத்தார். அந்த வாரம் முழுவதும் வீட்டில் கலகலப்பு. சித்தப்பா போன பிறகு அப்பா சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

திருவிழா கழிந்ததும் கஸ்பார் பழைய திரைகளையும் புதுத் திரையையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தார். சண்டைக்கு வரவில்லை. மெதுவாகப் பிரித்து முற்றத்து வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் போட்டார். பழைய மூன்றும் செம்பருத்திப் பூப்போல இருந்தன. புதுசு ஆட்டு ஈரல் நிறத்தில் கிடந்தது. எனக்கே தெரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"பழசு வெளுத்துட்டு அண்ணாச்சி" என்றார் அப்பா.

கஸ்பார் இடுப்பிலிருந்த சின்னக் கத்தியால் பழைய திரையின் ஓரத்து மடிப்பைப் பிரித்தார். வெயிலோ காற்றோ ஒருநாளும் படாத அந்த மடிப்புக்குள்ளும் அதே செம்பருத்திச் சிவப்பு.

"வெளுக்கல்ல. நீங்க சொன்ன மாதிரியே வெளுக்கல்ல" என்றார். "நான் குத்தம் சொல்ல வரல்ல அண்ணாச்சி. வெளுக்காது, மாறாதுன்னு ரெண்டு சொன்னீங்க. ரெண்டுல ஒண்ணுதானே நெசமா இருக்க முடியும்?"

"ஏட்டி, தாயைக் கொண்டா."

கொண்டுவந்தேன். தாய்க்கழியை அப்பா புதுத் திரைமேல் வைத்தார். ஒன்றாக இருந்தது. பழைய திரைமேல் வைத்தார். கன்னத்தில் அறைந்தாற்போல் தனியாகத் தெரிந்தது. மறுபடி புதுசின்மேல், மறுபடி பழசின்மேல் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருந்தார். தாத்தா போட்ட திரைக்கும் தாத்தா போட்ட கழிக்கும் எப்படி நிறம் வேறாகும் என்று அவருக்கு விளங்கவில்லை. கஸ்பாருக்கு மோர் கொண்டுவந்த அம்மா அங்கனயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள்:

"அதையும்தான் வருசா வருசம் சாயத்துல முக்குதோம்லா?"

ஆற்றில் யாரோ துணி அடிக்கும் சத்தம் கேட்டது. அத்தனை தையிலும் தேங்காய் உடைத்துக் குங்குமம் வைத்துத் தாயைக் குளிப்பாட்டியபோது, அந்தத் தொட்டியில் இருந்தது தண்ணீர் இல்லை, சாயம் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒவ்வொரு குளிப்பிலும் தாய் ஒரு இழை கருத்தாள். அவள் பிள்ளைகளான புதுக்கழிகளை நாங்கள் அந்தக் கருப்புக்கு இழுத்துக்கொண்டு வந்தோம். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றாகத்தானே இருக்கும். கஸ்பார் புதுத் திரையை மடித்துக்கொண்டு, "பரவாயில்ல, பின்பக்கத்துக்குப் போட்டுக்கிடுதோம்" என்று எழுந்தார். அந்த இரக்கத்தை அப்பாவால் தாங்க முடியவில்லை, உள்ளே போய்விட்டார்.

அன்று சாயங்காலம் அவர் தாய்க்கழியின் கட்டை அறுத்தார். தாத்தா இறுக்கிப் போட்ட கயிற்றுக்கு அடியில் எந்தத் தையின் சாயமும் இறங்கவில்லை. நகத்தின் அகலத்துக்குப் பழைய சிவப்பு அப்படியே இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு, "சங்கரன் சொன்னான்" என்றார். தம்பி போன பிறகு அந்தப் பெயர் அவர் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு கொழும்புக்குப் போகிற ஆள் யாரென்று கேட்டுக் கேட்டு ஓடினார். தூத்துக்குடிக்கே போய்க் கப்பலடியில் நின்று, கண்டவர் கையைப் பிடித்து, "சங்கரலிங்கம்னு சேரமாதேவிக்காரன், தலையில சிவப்புத் துண்டு கட்டியிருப்பான். அண்ணன் தப்புப் பண்ணிட்டான்னு சொல்லுங்க. வந்திரச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினார். அறையில் சித்தப்பாவுக்குப் பாய் தட்டிப் போட்டு வைக்கச் சொன்னார். அம்மா கருப்பட்டி வாங்கி வைத்தாள். நானும் நம்பினேன்.

ஒருநாள் முன்சாயங்காலத்தில் ஒருவர் வந்தார். கொழும்புத் துறைமுகத்தில் சித்தப்பாவோடு மூட்டை சுமந்தவர். வாசலில் நின்றுகொண்டே சொல்லிவிட்டார். காய்ச்சல் கண்டு, நாலைந்து நாள் கிடந்து, போய்விட்டாராம். அப்பா ஆள்விட ஆரம்பித்ததற்கு, கஸ்பார் எங்கள் வீட்டுக்கு வந்ததற்கே, ரொம்ப முந்தி நடந்தது. இல்லாத ஒருவருக்குத்தான் நாங்கள் பாய் விரித்து வைத்திருந்தோம்.

அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்பா அழவில்லை. அந்த மனிதர் பக்கத்தில் போய் நின்றார்.

"தலையில ஒரு துண்டு கட்டியிருப்பானே, அது எங்க?"

"அதைச் சுத்தித்தான் அண்ணாச்சி அடக்கம் பண்ணினோம். வேற நல்ல துணி இல்ல."

"அது என்ன சிவப்பா இருந்துது?"

அந்த மனிதர் விளங்காமல் அம்மாவைப் பார்த்தார்.

"கருஞ்சிவப்பா, இல்ல பளிச்சுன்னு இருந்துதா? வெளுத்திருந்துதா? நல்லா யோசிச்சுச் சொல்லும் வே."

"சிவப்புத்தான் அண்ணாச்சி" என்றார் அவர், அழுகிற குரலில். "சிவப்புன்னா சிவப்புத்தானே."

அம்மா கூப்பாடு போட்டாள். "செத்தது உம்ம தம்பியா, துண்டா?" என்று கேட்டாள். அவள் அப்பாவை எதிர்த்துப் பேசி அன்றுதான் கேட்டேன். அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. அவர் கேட்டது துண்டைப் பற்றி இல்லை என்று எனக்குப் புரிய ரொம்ப வருஷமாயிற்று. தம்பி சொன்னதுதான் சரி என்று யாராவது ஒருவர் அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியிருந்தது. சொல்ல வேண்டியவன் போய்விட்டான்.

பிறகும் கொஞ்ச காலம் சாயம் போட்டார். ஒவ்வொரு ஈட்டையும் வெயிலுக்குக் கொண்டுவந்து, "ஏட்டி, இது எப்படி இருக்கு?" என்பார். நல்லாயிருக்கு என்றால் கோபம் வரும், கருத்திருக்கு என்றால் மறுபடி சோடாவில் போட்டு அலசி நூலையே நைந்துபோகச் செய்வார். நகத்தகலச் சிவப்பை வைத்துக்கொண்டு எதைப் பிடிப்பது? அதுவும் தொட்டுத் தொட்டு அழுக்கேறிப் போயிற்று. நெசவுக்காரர்கள் ஜெர்மனியிலிருந்து தகர டப்பாவில் வந்த சீமைச் சாயத்துக்கு மாறிப் போனார்கள். ஜெர்மன் சண்டை வந்து டப்பா நின்றதும் அதே ஆள்கள் வாசலில் வந்து, "அண்ணாச்சி, எந்தச் சிவப்பாயிருந்தாலும் சரி, போட்டுக் குடுங்க" என்று கெஞ்சினார்கள். மூன்று தலைமுறைக்குப் போதுமான பிழைப்பு வீட்டு வாசலில் நின்றது. "எது சிவப்புன்னு எனக்குத் தெரியாது வே" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். சண்டை முடியுமுன் அவரும் போய்விட்டார்.

இப்போது அந்த முற்றத்தில் அரிசி மில் ஓடுகிறது. தாய்க்கழி இருந்த பெட்டியைக் கறையான் அரித்துவிட்டது. எப்போது அரித்தது என்று ஒருவருக்கும் தெரியாது, யாரும் திறந்து பார்க்கவில்லை. ஒரு திருவிழாவுக்குக் கடற்கரைப் பக்கம் போனபோது சப்பரத்தைச் சுற்றி நைலான் துணி மின்னியது. பழைய திரையைப் பற்றிக் கேட்டேன். கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள். சித்தப்பாவுடன் மண்ணுக்குள் போன துண்டு இத்தனை காலம் அங்கே இருக்கப் போவதில்லை.

போன மாதம் பேத்தி தன் சேலைக்குச் சட்டைத்துணி எடுக்க என்னைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப் போனாள். கடைப் பையன் விளக்கு வெளிச்சத்தில் ஒரு துண்டைச் சேலைமேல் போட்டு, "மேட்சிங் அச்சா இருக்கு ஆச்சி. சிவப்புன்னா சிவப்புத்தானே" என்றான். நான் துணியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு தெருவுக்கு வந்தேன். "ஆச்சிக்கு என்னாச்சு?" என்று அவன் கேட்டது காதில் விழுந்தது. நல்ல உச்சி வெயில். துணியைப் பிடித்துக்கொண்டு, சித்தப்பாவின் தலையில் இருந்த சிவப்பை நினைக்கப் பார்த்தேன். செம்பருத்தி மாதிரி ஒன்று வந்தது, பிறகு ஈரல் மாதிரி ஒன்று வந்தது. எத்தனையோ தடவை நினைத்து நினைத்து அதுவும் எந்த நிறத்துக்கோ போய்விட்டது. பேத்தி வெளியே வந்து, "சரியா இருக்கா ஆச்சி?" என்று கேட்டாள். கையில் இருந்ததை எதோடு வைத்துப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.